இரண்டாம் பக்கம், நாலாவது நிமிடம்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் சத்தம் நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. குழாயில் தண்ணீர் விழுந்தது, சத்தமில்லை. மனைவி பாத்திரங்களைப் போட்டு உருட்டினார், சத்தமில்லை. ஒன்பது வயது மகள் ஒரு கால் சாக்ஸைக் காணோம் என்று வாயைப் பிளந்து கத்தினாள். கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. மூவரும் கோளாறு தத்தம் காதில்தான் என்று நினைத்து விரலை விட்டுக் குடைந்து பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தெருவில் இறங்கினார்கள். அங்கே பஸ் ஹாரன் வழக்கம்போல் காதைக் கிழித்தது. வாசற்படிக்கு அந்தப் பக்கம் சத்தம் இருந்தது, இந்தப் பக்கம் இல்லை. அக்கம்பக்கத்தார் இரண்டு நாள் வந்து உள்ளே நின்று கைதட்டிப் பார்த்தார்கள். நகராட்சியிலிருந்து வந்த ஒருவர் ஏதோ கருவியை வைத்து அளந்து, முள் அசையவில்லை என்று குறித்துக்கொண்டு, இதனால் வீட்டு வரியில் மாற்றம் எதுவும் கிடையாது என்று தெரிவித்துவிட்டுப் போனார்.

காரணம் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அப்போது ‘காது’ என்று பட்டப்பெயர். சலவைக் கடை மாடியில் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுகிற பதினோரு பேர் வைத்த பெயர் அது. அந்தப் பதினோரு பேருக்கும் பாட்டுப் பைத்தியம். மாதத்துக்கு ஒருவர் தனக்குப் பிடித்த இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அது ஆளுக்கு ஒரு வாரமாக வீடு வீடாகப் போய்வரும். உறைக்குள் ஒரு அட்டை இருக்கும். கேட்டவர் எந்தப் பக்கத்தில், எத்தனையாவது நிமிடத்தில் மனம் நின்றது என்று அதில் எழுத வேண்டும். வெறுமனே ‘நல்லாயிருந்துச்சு’ என்று எழுதுகிறவருக்கு அன்றைக்கு நாற்காலி கிடையாது, நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். எந்தத் தட்டும் முதலில் காது வீட்டுக்குத்தான் போகும். அவர் குறிக்கிற இடம் அப்படி இருக்கும். மற்றவர்கள் அங்கே வந்ததும் ‘அட, ஆமாம்யா!’ என்று தொடையைத் தட்டுவார்கள். பகலெல்லாம் எண்ணெயும் கிரீஸுமாகக் கிடக்கிற மனிதருக்கு அந்த ஒரு ‘ஆமாம்யா’ போதும், ஆறு நாள் தாங்கும்.

அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வருஷமாக வந்தும் எதையும் கொண்டுவராமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தபால் அம்மா. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை, ஐம்பது வயது, தனிக்கட்டை. ஒரு ஞாயிறு அவர் பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினார். உறையில் கலங்கலாக ஒரு மாடிப்படியின் படம். வாசித்தவர் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. கிளாரினெட் என்று மட்டும் போட்டிருந்தது. “கேட்டுட்டு உள்ளதைச் சொல்லுங்க” என்றார், அவ்வளவுதான். காது அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். திங்கள் போனது, புதன் போனது, வாரமே போனது. அந்த மாடிப்படியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கொட்டாவிதான் வந்தது. செவ்வாய் காலை சலவைக் கடைக்காரர் தட்டை வாங்க வருகிற நேரம் ஆகிவிட்டது. அவர் பேனாவை எடுத்து, ‘இரண்டாம் பக்கம், நாலாவது நிமிடம். அங்கே மூச்சு ஒரு கணம் தயங்குகிறது’ என்று எழுதினார். எந்தக் கிளாரினெட்டுக்கும் பொருந்தும் வாக்கியம். பேனா மூடியை மூடினார். மூடிய சத்தம் கேட்கவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் குறுகுறுத்தது ஏழு வருஷம். தட்டு பத்து வாரம் சுற்றிவிட்டுத் தபால் அம்மாவிடம் போனது. அட்டையைப் படித்த அவர் முகம் சிவந்தது, “ரொம்ப நன்றி” என்றார், அடுத்த வாரத்திலிருந்து கூட்டத்துக்கு வரவில்லை. காது அவர் கண்ணைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புவார், யாராவது “காது சார், இதை நீங்கதான் மொதல்ல கேக்கணும்” என்பார்கள், சொல்லாமலே தட்டை வாங்கிக்கொண்டு திரும்புவார். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதன்மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வீட்டில் அவருடைய நானூறு தட்டுகளும் சுழன்றன, ஒன்றும் பாடவில்லை. கூட்டத்துத் தட்டுகளை மட்டும் தன் வேலைப் பட்டறையில் வைத்துக் கேட்டார், ஒன்றுக்கு நாலு தடவை.

குடும்பம் என்னவோ பழகிக்கொண்டது. பேச வேண்டியதைத் தெருவுக்கு வந்து பேசினார்கள். சண்டையும் தெருவில்தான், அதனால் பாதிச் சண்டை செருப்பு தேடுவதற்குள் ஆறிப்போனது. அக்கம்பக்கத்தில் தூங்காத கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து படித்தார்கள். மகள் மட்டும், உள்ளே அப்பா கூப்பிடும் குரல் எப்படி இருக்கும் என்பதையே மறந்து வளர்ந்தாள். ஒருநாள் மனைவி அவரை வாசலுக்கு இழுத்து, “ஏங்க, நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா என்னமோ பண்ணியிருக்கீங்க. மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு” என்றார். அவர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஏழாவது வருஷம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருப்பதாக அவருக்கு அழைப்பு வந்தது. நாலாம் மாடிக் கதவை நெம்பித் திறந்து, தரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். கீழே காய்கறிப் பையோடு தபால் அம்மா நின்றிருந்தார், தலை நரைத்திருந்தது.

“நீங்களா சார்?”

“பயப்படாதீங்கம்மா. அஞ்சு நிமிஷத்துல எடுத்துடறேன்.”

“பயமெல்லாம் இல்ல. ஏழு வருஷமா உங்களை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், வெக்கமா இருந்துச்சு. இப்ப நானும் எங்கயும் ஓட முடியாது பாருங்க.” அவர் நிமிர்ந்து பார்த்தார். “அந்த நாலாவது நிமிஷத்துல என்ன சார் கேட்டுச்சு? அது என் தம்பி வாசிச்சது. தம்பின்னு சொன்னா பரிதாபப்பட்டு நல்லதா எழுதிடுவீங்கன்னு சொல்லல. ஒரு பக்கம்தான் வாசிச்சான், அதுக்குள்ள உடம்பு முடியாம போய்ட்டான். ரெண்டாவது பக்கத்துல எதுவுமே பதியல. ஆனா நீங்க பெரிய காது, எழுதியிருந்தீங்க. கீழ ஒம்பது பேரும் ஆமா ஆமான்னு எழுதியிருந்தாங்க. எனக்கு மட்டும்தான் கேக்கல. கூடப் பிறந்தவ, எனக்குக் கேக்கலைன்னு உங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? தினமும் ராத்திரி அந்தப் பக்கத்தைப் போட்டுக் காதை வெச்சிட்டு உக்காந்திருக்கேன்.”

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்தக் குழிக்குள்ளேயே விழுந்துவிடலாம் போலிருந்தது. இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது, அன்பான பொய். ஏதோ ஒரு மூச்சு கேட்டது என்று சொன்னால் இந்த அம்மா சந்தோஷமாகக் காய்கறியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். இன்னும் ஏழு வருஷம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“நான் அந்தத் தட்டைப் போடவே இல்லம்மா. உறையைப் பார்த்துட்டு எழுதினேன்.”

“ஒரு தடவை கூடவா?”

“ஒரு தடவை கூட இல்ல.”

தபால் அம்மா காய்கறிப் பையைக் கீழே வைத்தார். “மொதல்ல என்னை வெளிய எடுங்க” என்றார்.

லிஃப்ட் மெக்கானிக் மொட்டைமாடி அறைக்கு ஏறிச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டைத் தளத்துக்கு ஏற்றினார். ஐந்து நிமிட வேலை இருபது நிமிடம் ஆனது. இறங்கி வந்தபோது தபால் அம்மா தன் வீட்டுக்குள் போய், தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். “இந்தாங்க. இந்தத் தடவையாவது போட்டுக் கேளுங்க” என்று அவர் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பட்டறைக்குக் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. கேட்காமல் எழுதிய வீட்டிலேயே போடுவோம், கேட்காவிட்டால் அதுவும் சரிதான் என்று முதல் பக்கத்தைப் போட்டார். கிளாரினெட் கேட்டது. ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தில் கேட்ட முதல் சத்தம் அது. மனைவி ஈரக்கையோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். பதினாறு வயது மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு போதாத ஒருவன் அவசரமில்லாமல் வாசித்தான். பதினோராவது நிமிடத்தில் ஓரிடத்தில் தவறினான், லேசாகச் சிரித்தான், விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்தான். லிஃப்ட் மெக்கானிக் அழுதார். அழுத சத்தம் கேட்கவில்லை. தட்டு முடிந்ததும் மனைவி அவரைத் தெருவுக்குக் கூட்டிப்போய் என்னவென்று கேட்டார். அவர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவிக்குத் திட்டத்தான் வாய் வந்தது. “இதையா கேக்காம எழுதினீங்க?” என்று மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிறு அவர் சலவைக் கடை மாடியில் எழுந்து நின்று அட்டையைப் படித்தார்: ‘முதல் பக்கம், பதினோராவது நிமிடம். இரண்டாம் பக்கத்தில் எதுவும் இல்லை. நான் முன்பு எழுதியது பொய்.’ ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஏழு வருஷத்துக்கு முன்பே அந்த இரண்டாம் பக்கத்தைப் போட்டு, ஒன்றும் கேட்காமல், கோளாறு தங்களிடம்தான் என்று பயந்தவர்கள். மருந்துக் கடைக்காரர் டாக்டரிடம் போய்க் காதைக்கூட டெஸ்ட் செய்திருந்தார். இப்போது அவர் மெதுவாக எழுந்து, தன் வரியை அடித்தார். பேனா கைமாறிக்கொண்டே போனது. அதன்பிறகு லிஃப்ட் மெக்கானிக்கை யாரும் காது என்று கூப்பிடவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்குச் சத்தம் திரும்பவில்லை. அந்தத் தட்டு ஒன்றுதான் அங்கே கேட்கிறது. வேறெதைப் போட்டாலும் சும்மா சுற்றுகிறது. தட்டைத் திருப்பிக் கொடுத்தபோது விஷயம் தெரிந்து தபால் அம்மா சனிக்கிழமைகளில் தட்டோடு வரத் தொடங்கினார், குறுக்கே வேறு சத்தம் வராத இடம் இதைவிட எங்கே கிடைக்கும் என்று. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. முதல் பக்கம் முடிந்ததும் அவர் எழுந்து தட்டைத் திருப்பிப் போடுவார். இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நாலாவது நிமிடம் வரும்போது லிஃப்ட் மெக்கானிக் தலையைக் குனிந்துகொள்வார். அது தாண்டும்வரை தபால் அம்மா ஜன்னல் பக்கம் பார்ப்பார். பக்கம் முடிந்ததும் தட்டைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு கிளம்புவார்.