உள்ளங்கால் கொப்புளங்கள்

"இத யாரு சுட்டது?" என்று நர்ஸ் ஜெசிந்தா கேட்டபோது பெனிட்டாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

மடியில் கிடந்த ஆறு மாதக் குழந்தை ஜோயல் தொண்டை கட்ட அழுதுகொண்டிருந்தான். உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் வட்ட வட்டமாகக் கொப்புளங்கள். சில உடைந்து கருத்திருந்தன. அலர்ஜி என்று மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவத் தடவ அவை பெருகித்தான் போயின.

"பீடி சூடு மாதிரி இருக்கும்மா. வீட்ல யாரு பீடி குடிக்கிறாங்க?"

பெனிட்டாவின் கண், பக்கத்தில் நின்ற கணவன் பிராங்க்ளினின் சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டுக்குப் போனது. நர்ஸின் கண்ணும் கூடவே போனது.

"தோல் டாக்டரம்மா பார்க்கட்டும். சூடுதான்னா போலீஸ் கேஸ் ஆயிடும். அதுவரைக்கும் எங்கயும் போகாதீங்க."

பழவேற்காட்டில் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியபோது இருந்த பயம் வேறு. இப்போது பெனிட்டாவுக்கு வந்த பயம் வேறு. அவள் இறால் உரிக்கப் போகும் நேரமெல்லாம் குழந்தை பிராங்க்ளினிடம்தான் இருக்கும். குடித்துவிட்டால் அவனுக்கு அழுகைச் சத்தம் ஆகாது. ஒருமுறை தொட்டிலை எட்டி உதைத்தும் இருக்கிறான்.

"யோவ்," என்றாள் அடங்கிய குரலில். "புள்ளைய இன்னா பண்ணே?"

"நீயும் கேக்கிறியா?"

"சொல்லு."

"நான் ஒண்ணும் பண்ல, பெனிட்டா." மணிக்கட்டைச் சொறிந்தபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் குழந்தையை அவன் கைக்கு எட்டாத தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

தோல் டாக்டர் தஹ்சீன் வந்தார். யாரையும் எதுவும் கேட்காமல், விளக்கு பொருத்திய சின்ன லென்ஸ் ஒன்றைச் செல்போனில் மாட்டி, ஜோயலின் பாதத்தில் வைத்தார். "இது டெர்மாஸ்கோப். வலிக்காது. கால அசையாம புடிங்க."

முதல் கொப்புளத்தில் சீழ்தான் தெரிந்தது. அடுத்ததிலும் அதுவேதான். ஜெசிந்தா பிராங்க்ளினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லென்ஸ் குதிகாலோரம் நகர்ந்து நின்றது.

"இங்க பாருங்க." திரையில் வெள்ளையாக ஒரு கோணல் கோடு, அதன் முனையில் எள்ளினும் சின்னதாக ஒரு பழுப்பு முக்கோணம். "கோடு, பூச்சி தோலைக் குடைஞ்சு போன வழி. முக்கோணம் அதோட தலைப்பக்கம். இது சொறிப்பூச்சி. சூடு இல்ல. சூட்டுக் காயத்துல இப்படி வழி இருக்காது."

பிறகு பிராங்க்ளினின் கையை வாங்கி விரலிடுக்கில் லென்ஸை வைத்தார். அங்கேயும் அதே கோடு, அதே முக்கோணம்.

"வெளிய எங்கயாவது தங்கினீங்களா?"

"சுண்ணாம்புக்குளத்துல, மீன்புடி தொழிலுக்குப் போன எடத்துல. எல்லாரும் ஒரே போர்வையில படுத்தோம்." அவன் ஜோயலின் பாதத்தைப் பார்த்தான். "அப்போ நான்தான் புள்ளைக்குக் குடுத்தனா?"

"ஒட்டுற நோய் அது. வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல மருந்து போட்டுக்கணும். அடுத்த வாரம் இன்னொரு தடவ."

ஜெசிந்தா, "புள்ளைக்காகத்தான் கேட்டேன்," என்றாள். பிராங்க்ளின் தலையை மட்டும் ஆட்டினான்.

அன்று மாலை துணி, போர்வை எல்லாம் வெந்நீரில் கொதித்தன. குழந்தைக்கு மருந்து தடவி முடித்து, பெனிட்டா கணவனின் முதுகில் தடவத் தொடங்கினாள்.

"உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றாள்.

"தொட்டில ஒதைச்சவன்தானே நானு." அவன் திரும்பவில்லை. "நீ கேட்டதுல தப்பில்ல."

அவள் அவன் கையை இழுத்து, விரலிடுக்குகளில் மருந்தை அழுத்தித் தடவினாள்.