தலை எண்ணும் இடம்

மூன்று மணிக்கு லொரெட்டா அருங்காட்சியகக் கப்பலின் கழிப்பறைக்குள் போனாள். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தபோது பெஞ்சில் கணவர் வெண்டலின் தொப்பி மட்டும் இருந்தது. இப்போது மணி ஐந்தாகப் போகிறது.

வெண்டல் ப்ரூயிட்டுக்கு எழுபத்து மூன்று வயது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவிருக்காது. சொந்த வீட்டில் குளியலறைக்கு வழி கேட்கிற மனிதர். ஆனால் இருபது வயதில் இதே விமானந்தாங்கிக் கப்பலில்தான் வேலை பார்த்தார். அருங்காட்சியகம் என்று பெயர் வைத்தார்களே தவிர, வண்ணம் அடித்து விளக்குப் போட்டதெல்லாம் கப்பலில் கால்வாசிதான். மிச்சம் முழுக்க இருட்டும் துருவும் செங்குத்து ஏணிகளும். நடுவில் ஒரு சங்கிலி தொங்கும். குனிந்து தாண்டினால் ஆள் போன இடம் தெரியாது.

திங்கட்கிழமை அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு நல்ல நாள் இருக்கட்டுமே என்று அலபாமாவிலிருந்து ஆறு மணி நேரம் காரோட்டிக் கூட்டி வந்தாள். நல்ல நாள்தான், போ. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

கப்பலைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டியான ஆர்வில் மூச்சு வாங்க மேலே வந்தார். அவரும் பழைய மாலுமி. முட்டி இரண்டும் தேய்ந்துபோனவர்.

"அஞ்சு தளம் தேடியாச்சும்மா. தீயணைப்பு ஆளுங்க இன்னும் கீழதான் இருக்காங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டா வரமாட்டாரா?"

"ஒளிஞ்சுக்குவாரு. மாத்திரை குடுக்கத்தான் கூப்பிடறேன்னு நெனப்பாரு."

அப்போதுதான் மத்தியானம் நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. விமானங்கள் நிறுத்தும் பெரிய கூடத்தில் ஒரு தூணருகே வெண்டல் விறைத்து நின்றுவிட்டார். "இதான் எங்க எடம். தலை எண்ணுற எடம்" என்றார். கடலில் ஆள் விழுந்துவிட்டான் என்று குரல் கேட்டால், கப்பலில் இருக்கும் அத்தனை பேரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அவரவர் இடத்தில் வந்து நிற்க வேண்டும். வராதவன் எவனோ அவன்தான் விழுந்தவன்.

"ஆள் கடல்ல விழுந்துட்டான்னு ஒலிபெருக்கியில சொல்லுங்க. வந்துருவாரு."

ஆர்விலின் முகம் மாறியது. "அத வெளையாட்டுக்குக்கூட நாங்க சொல்றதில்லம்மா."

"நான் என்ன வெளையாடவா வந்திருக்கேன்? எந்த ஏணிக்கடியில கழுத்து ஒடிஞ்சு கெடக்காரோன்னு நிக்கறேன்."

ஆர்வில் மேலே ஒலிபெருக்கி அறைக்குப் போனார். பார்வையாளர்கள் எல்லாரும் போயிருந்தார்கள். சற்று நேரத்தில் ஊதல் ஆறு முறை ஒலித்தது. "ஆள் கடலில். இடப்பக்கம். எல்லாரும் வரிசைக்கு."

கூடத்தில் அந்தத் தூணருகே போய் லொரெட்டா நின்றாள். ஒரு நிமிடம் போயிற்று. நான்கு நிமிடம் போயிற்று. செத்துவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

பிறகு இரும்பு ஏணியில் காலடி கேட்டது. வெண்டல் ஓடி வந்தார். ஒரு காலில் மட்டும் ஷூ, நெற்றியில் ரத்தம். நேராகத் தூணருகே வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவளை அவர் பார்க்கவேயில்லை.

ஆர்வில் இறங்கி வந்து எதிரே நின்றார். "ப்ரூயிட்?"

"இருக்கேன், சார்."

லொரெட்டா வாய்விட்டு அழுதாள். அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வா வெண்டல், வீட்டுக்குப் போலாம்."

அவர் அசையவில்லை. "எண்ணி முடியல. ஹாஸ்கெல இன்னும் கூப்பிடல."

ஹாஸ்கெலை அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முதல் நாள் வெண்டல் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். கப்பலில் அவரோடு வேலை பார்த்தவன். ஓர் இரவு இதே ஊதல், இதே தூண். ஹாஸ்கெல் வரிசைக்கு வரவில்லை. எங்காவது தூங்கிக்கொண்டிருப்பான், பாவம், தண்டனை வேண்டாமே என்று, அவன் பெயரைக் கூப்பிட்டபோது வெண்டல் குரலை மாற்றி "இருக்கேன்" என்றார். கணக்கு சரியாகிவிட்டது. ஏதோ சத்தத்தை யாரோ தப்பாகக் கேட்டிருக்கிறார்கள் என்று கப்பல் தன் வழியே போய்விட்டது. விடிந்து பார்த்தால் ஹாஸ்கெலின் படுக்கை காலி.

இதெல்லாம் ஆர்விலுக்குத் தெரியாது. "ஹாஸ்கெல்?" என்று கூப்பிட்டுவிட்டு லொரெட்டாவிடம் கண் காட்டினார். நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று.

"இருக்கேன்" என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும், காருக்கு வந்துவிடுவார். காயத்துக்குக் கட்டுப் போடலாம். லொரெட்டா வாயைத் திறந்தாள். வெண்டலின் உதடும் அதே வார்த்தைக்காக நடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவளால் முடியவில்லை.

"ஹாஸ்கெல் வரிசையில இல்ல, சார்" என்றாள்.

வெண்டல் பெருமூச்சு விட்டார். "ஆமா சார், அவன் இல்ல. கப்பலத் திருப்பச் சொல்லுங்க."

முப்பது வருடமாகச் சேற்றில் புதைந்து நிற்கிற கப்பல். ஆர்வில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "திருப்பியாச்சு" என்றார்.

வெண்டல் திறந்திருந்த பெரிய கதவருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். லொரெட்டா பக்கத்தில் போய் நின்று கைக்குட்டையால் அவர் நெற்றியை அழுத்திப் பிடித்தாள். அவளை யாரென்று நினைத்தாரோ தெரியாது.

"நல்லா நீந்துவான் அவன்" என்றார். "நாம நேரத்துல சொல்லிட்டோம்ல?"

"சொல்லிட்டோம்" என்றாள் லொரெட்டா.