பெரியவர்களுக்கு வெறும் சளி

பிரசவ விடுப்பு முடிந்து ஷர்மிளா வேலூர் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியிருந்தாள். ஒரே வைரஸை வளர்ந்த எலிகளுக்கும் கண் திறக்காத குட்டிகளுக்கும் செலுத்திப் பார்ப்பது அவள் வேலை. வளர்ந்தவை கொஞ்சம் சோர்ந்து கிடந்துவிட்டு எழுந்துவிடும். குட்டிகள் பெரும்பாலும் எழுவதில்லை. நோயை எதிர்க்கும் செல்கள் குட்டிகளுக்கும் இருந்தன. நுண்ணோக்கியில் அவளே பார்த்திருக்கிறாள். ஆனால் அவை இன்னும் முதிரவில்லை. வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போதும் மந்தமாகவே இருந்தன.

முன்பெல்லாம் அதைப் பதிவு செய்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவாள். இப்போது சத்துவாச்சாரி வீட்டில் அவளுடைய கைக்குழந்தை இருந்தது. குட்டிகளைக் கையில் எடுத்த நாளெல்லாம் வீட்டுக்கு ஃபோன் செய்து குழந்தை பால் குடித்ததா என்று கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் கௌதமின் அக்கா மோகனா பேரணாம்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்தாள். தும்மிக்கொண்டே உள்ளே வந்தவள் கைகால் கழுவிக்கொண்டு குழந்தையைக் கேட்டாள். ஷர்மிளா தரவில்லை.

"சளி போனப்புறம் தூக்கிக்கலாம் அண்ணி. தப்பா எடுத்துக்காதீங்க."

"நானும் மூணு கொழந்த வளத்தவதான் ஷர்மி."

மோகனா தானே தைத்துக் கொண்டுவந்த சட்டையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். கௌதம் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு நாளில் குழந்தை பால் குடிக்க மறுத்தது. மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பெரியவர்களுக்கு வெறும் சளியாகப் போகும் வைரஸ்தான் இது என்ற டாக்டரம்மா, வீட்டில் யாருக்குச் சளி இருந்தது என்று கேட்டார். கௌதம் அக்காவின் பெயரைச் சொன்னான். ஆனால் அவள் குழந்தையின் கிட்டேயே வரவில்லை என்றும் சொன்னான்.

அப்போதுதான் ஷர்மிளாவுக்கு உறைத்தது. மோகனா வருவதற்கு முன்பே தனக்கே தொண்டை கரகரத்திருந்தது, மூக்கில் லேசாக நீர் வடிந்தது. அதைச் சளி என்றே அவள் நினைக்கவில்லை. மார்போடு அணைத்துப் பால் கொடுத்திருக்கிறாள், உச்சி முகர்ந்திருக்கிறாள். குட்டி எலிகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் வீட்டுக்குள் உதவவில்லை.

சாயங்காலம் மோகனா வந்தாள். முகக்கவசம் போட்டுக்கொண்டு வார்டுக்கு வெளியிலேயே நின்றாள். ஷர்மிளா அவளிடம் போனாள்.

"என்கிட்டேர்ந்துதான் அண்ணி தொத்திக்கிச்சு. உங்களைப் போய் தடுத்தேன்."

மோகனாவுக்கு வருத்தம் இன்னும் தீர்ந்திருக்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"அதை அப்புறம் பேசலாம். நீ இன்னா சாப்ட்டே?" என்றாள்.

மறுநாள் மதியம் குழந்தை கொஞ்சம் பால் குடித்தது. வார இறுதியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போது வருகிறாய் என்று ஆய்வுக்கூடத்திலிருந்து கேட்டார்கள். புதிய குட்டிகள் பிறந்திருந்தன. சொல்கிறேன் என்றாள் ஷர்மிளா; இன்றுவரை சொல்லவில்லை.