ஆலம் சுற்றாமல் நகராத குதிரை

எனக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். வரும்தான். அதை ஏதோ ஒட்டுவியாதி மாதிரி சொன்னால் இன்னும் ஜாஸ்தியாக வரும்.

கருணாபுரத்தில் அந்த விஷச் சாராயத்தைக் குடித்து அப்பா போன பிறகு, என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். அம்மா அதற்கு முன்பே இல்லை. பெரியம்மா ஒருநாள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். நான் மிக்ஸி ஜாரைச் சுவரில் அடித்தேன். அடுத்தது சித்தப்பா வீடு. அங்கே சித்தப்பாவைப் பாத்ரூமுக்குள் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினேன். இரண்டு வீட்டுக்காரர்களும் என்னைத் துணிப்பையோடு கொண்டுவந்து கள்ளக்குறிச்சி குழந்தைகள் இல்லத்தில் விட்டார்கள். கடையில் புடவையைத் திருப்பிக் கொடுப்பது மாதிரிதான். ஆனால் பதிலுக்கு வேறொன்றை எடுத்துப்போக யாருக்கும் துணிச்சல் இல்லை.

இல்லத்தில் இருந்த கோபக்காரர்களை எல்லாம் பொறுக்கியெடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சிராயபாளையம் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள ஒரு குதிரைப் பண்ணைக்கு அனுப்பினார்கள். குதிரையோடு பழகினால் பிள்ளைகள் பக்குவப்படுவார்களாம். பக்குவம் வந்ததோ இல்லையோ, குதிரை லத்தி அள்ளுவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டோம்.

எனக்குக் கிடைத்தவர் ஜமீன். வெள்ளைக் குதிரை, மூக்கு மட்டும் ரோஸ். பல வருஷம் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்துவிட்டு, வயதான பிறகு பண்ணைக்கு வந்தவர். அவரை ‘அது’ என்று சொன்னால் எனக்குப் பிடிக்காது.

ஜமீனிடம் ஒரு பழைய பழக்கம் போகவே இல்லை. எந்த வாசலில் வாழைமரம் கட்டியிருந்தாலும் போய் நின்றுவிடுவார். கல்யாண வீட்டில் ஆலம் சுற்றித்தானே மாப்பிள்ளையை உள்ளே விடுவார்கள்? மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த அந்தச் சிவப்புத் தண்ணீர்த் தட்டைச் சுற்றி, தன் நெற்றியில் ஒரு பொட்டு வைக்கும்வரை ஜமீன் நகர மாட்டார். ஒருமுறை புதிதாகத் திறந்த செல்போன் கடை முன்னால் நின்றுவிட்டார். கடைக்காரர் பதறிப்போய் சாம்பிராணி காட்டினார். ஜமீனுக்கு அது போதவில்லை.

ஆரம்பத்தில் நான் அவரைக் கயிற்றைப் பிடித்து இழுப்பேன். அவர் என்னை இழுப்பார். நான் கத்துவேன், அவர் கண்ணை மூடிக்கொள்வார். என்னைவிட வீம்பு பிடித்த ஓர் உயிரை அப்போதுதான் பார்த்தேன், உடனே பிடித்துப்போயிற்று. போகப்போகத்தான் விஷயம் பிடிபட்டது. முகத்துக்கு நேரே போய் நிற்கக் கூடாது. தோளோரமாக நின்று, கயிற்றைத் தளர்த்தி, மூச்சை நன்றாக வெளியே விட வேண்டும். என் மூச்சு அடங்கினால் அவர் தலை தானாகத் தாழும். உள்ளே கொதித்துக்கொண்டு வெளியே சிரித்தால் நம்ப மாட்டார். அதனால் நிஜமாகவே அடங்க வேண்டியிருந்தது. பெரிய தொல்லை.

அப்போதுதான் வெள்ளிமலையிலிருந்து ஒரு தம்பதி என்னை வளர்க்கக் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். காத்தான் மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர். அவர் மனைவி வெள்ளச்சி சாமையும் தினையும் விதைக்கிறவர். பிள்ளை இல்லை. என்னைப் பார்க்கப் பண்ணைக்கே வருகிறார்களாம்.

“சந்தியா, இன்னிக்கு ஒரு நாளு யார்கிட்டயும் வாய் குடுக்காத, உனுக்குப் புண்ணியமா போவும்” என்று பண்ணையை நடத்தும் எழில்மதி மேடம் கெஞ்சினார்.

எனக்கு ஒரு வீடு வேண்டும். மறுபடியும் அந்தத் துணிப்பையோடு திரும்பிவர என்னால் முடியாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. ஜமீனிடம் மட்டும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே என் சட்டைக் காலரைத் தின்றார்.

காத்தான் தோளில் ஒரு பெரிய பலாப்பழத்தோடு வந்தார். வெள்ளச்சி கையில் தேன் பாட்டில். அவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, எனக்கும்தான். எங்கள் மூன்று பேர் சங்கடத்தையும் பார்க்கச் சகிக்காமல், “ஆத்துல குதிரையைக் குளிப்பாட்டணும். மூணு பேரும் பேசிக்கினே போய்ட்டு வாங்க” என்று மேடம் துரத்திவிட்டார்.

“பழத்த வெச்சிட்டு வாங்களேன்” என்றேன்.

“உனுக்குன்னு கொண்டாந்தது. உன் கையில குடுக்காம எப்டி கீழ வெக்கிறது?” என்றார் காத்தான். என் கையிலோ கயிறு. அதனால் பலாப்பழமும் எங்களோடு ஆற்றுக்குக் கிளம்பியது.

தெருமுனை திரும்பியதும் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். பந்தல். சீரியல் செட். வாசலின் இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம். ஒரு பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா. ஜமீன் காதை நிமிர்த்தினார், நேராகப் போனார், நின்றார்.

அந்த வீட்டில் என்ன சிக்கல் என்பது அங்கே நின்றவர்கள் பேச்சிலிருந்துதான் தெரிந்தது. பேனரில் தன் படத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டார்கள் என்று தாய்மாமன் சுப்புராயன் முறுக்கிக்கொண்டு வரவில்லை. தாய்மாமன் சீர் வராமல் அங்கே ஒரு வேலையும் நடக்காது. காலையிலிருந்து எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வாசலில் வெள்ளைக் குதிரை வந்து நிற்கிறது. பின்னால் ஒருவர் பலாப்பழம் சுமந்து வருகிறார், ஓர் அம்மாள் தேன் கொண்டுவருகிறார்.

“மாமன் சீர் வந்துட்சி! குதிரையோட அனுப்பிக்கிறாரு!” என்று ஒரு குரல் கிளம்பியதுதான் தாமதம், பேண்டு செட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். பேண்டு சத்தம் கேட்டால் ஜமீன் சும்மா இருப்பாரா? முன்காலைத் தூக்கித் தூக்கி ஆடினார். வெள்ளச்சி கன்னத்தில் யாரோ சந்தனம் பூசினார்கள். காத்தான் தோளிலிருந்த பலாப்பழம் சீர்த்தட்டுகளின் நடுவே போய் உட்கார்ந்தது.

“அய்ய, அது இந்தச் சந்தியா பொண்ணுக்குங்க…” என்று காத்தான் கத்தியது பேண்டில் அமுங்கிப்போயிற்று.

பெண்ணின் அம்மா பாப்பாத்தி அழுதுகொண்டே ஆலத் தட்டோடு ஓடிவந்தார். “எங்கண்ணனுக்குக் கோவம் தீந்துட்சி!” என்று ஜமீனுக்குச் சுற்றி நெற்றியில் பொட்டு வைத்தார். ஜமீன் திருப்தியாகப் பெருமூச்சு விட்டார். சரி, இனி மெல்ல நழுவிவிடலாம் என்று நான் கயிற்றைத் திருப்பினேன்.

அந்த நேரம் பார்த்து ஷேர் ஆட்டோவில் நிஜத் தாய்மாமன் வந்து இறங்கினார். மனசு கேட்காமல் சீரோடு வந்திருக்கிறார். பலாப்பழத்தைப் பார்த்தார். ஜமீன் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்தார்.

“எனுக்கு முன்னாடி எவன்டா சீர் வெச்சவன்?”

பேண்டு நின்றது. சுப்புராயன் பாய்ந்து வந்து கயிற்றைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். ஜமீன் முன்காலைத் தூக்கினார். நாற்காலிகள் உருண்டன. “இவரு பண்ணைக் குதிரைங்க, ஆத்துக்குப் போய்க்கினு இருந்தோம்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார். பண்ணைக்கு வருவது இல்லத்துப் பிள்ளைகள் என்பது ஊருக்கே தெரியும்.

“ஹோம்ல கெடக்கற அநாதக் கழுதைக்குக் குதிரை ஒரு கேடா?”

பக்கத்தில் ஓர் எவர்சில்வர் குடம் இருந்தது. கை தானாகப் போய் அதன் கழுத்தைப் பிடித்தது. காத்தானும் வெள்ளச்சியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போயிற்று, இந்த வீடும் போயிற்று என்று நினைத்தேன். நினைத்தும் கை விடவில்லை.

அப்போது சுப்புராயன் முகத்தைப் பார்த்தேன். மூக்கு விரிந்திருந்தது. கழுத்து விறைத்திருந்தது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. இந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். ஆலம் சுற்றாத வாசலில் ஜமீன் இப்படித்தான் நிற்பார்.

குடத்தை விட்டேன். மூச்சை வெளியே விட்டேன். முதலில் ஜமீன் தலை தாழ்ந்தது. பிறகு சுப்புராயனின் முகத்துக்கு நேரே போகாமல், சுற்றிக்கொண்டு அவர் தோளோரமாகப் போய் நின்றேன்.

“தப்பாயிட்சிங்க மாமா. இவரு வாழமரத்தப் பாத்தா நின்னுடுவாரு. உங்க மரியாதைய யாரும் எடுத்துக்கல. நீங்க வராம இங்க ஒரு வேலையும் ஆவல. தெருக்கோடிலர்ந்து இவரு மேலயே வாங்க. இன்னொரு வாட்டி ஆலம் சுத்தட்டும்.”

அவர் என்னை முறைத்தார். நான் நகரவில்லை. கொஞ்சம் பொறுத்து அவர் மூச்சும் இறங்கியது.

“கீழ தள்ளிடுமா?” என்று ரகசியமாகக் கேட்டார்.

“தள்ள மாட்டாருங்க. மீசையை மட்டும் முறுக்கிக்கினு உக்காருங்க.”

நாற்காலி போட்டு, இரண்டு பேர் தள்ளி, தாய்மாமனை ஏற்றினோம். அவர் ஒரு கையால் மீசையையும் மறுகையால் ஜமீனின் பிடரி மயிரையும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி வாசலுக்கு வந்தார். பேண்டு மறுபடி அடித்தது. பாப்பாத்தி மறுபடி அழுதார். ஆலம் மறுபடி சுற்றியது. ஜமீன் ஒரே நாளில் இரண்டு பொட்டு வாங்கினார்.

ஜமீனை ஆற்றில் குளிப்பாட்டித் திரும்பி வரும்போது வெள்ளச்சிதான் கேட்டார்.

“கொடத்தத் தூக்கப் பாத்தல்ல?”

“ஆமாங்க.”

“ஏன் வுட்டுட்ட?”

“அந்தாளு எங்க ஜமீனு மாதிரியே நின்னாருங்க. பாவமா பூட்சி.”

வெள்ளச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தார். காத்தான் என் பக்கம் குனிந்து, “இவுளுக்கும் கோவம் வரும். தோளோரமா நின்னா அடங்குமா?” என்று கேட்டார். பிறகு, “என் பழந்தான் பூட்சி” என்று வருத்தப்பட்டார்.

அப்புறம் என்னை வளர்க்க அனுமதி வாங்க இரண்டு பேரும் கலெக்டர் ஆபீசுக்கும் இல்லத்துக்கும் கொஞ்ச நாள் அலைந்தார்கள். ஒரு மதியம் காத்தானின் ஜீப்பில் மலையேறினேன். வெள்ளிமலையில் அவர்கள் வீட்டு வாசலில் துணிப்பையோடு இறங்கினேன்.

உள்ளே போகக் கால் வரவில்லை.

வீம்பு இல்லை, சத்தியமாக. வரவில்லை. பெரியம்மா வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் என்னை அழைத்தது ஒரே மாதிரிதான்: ‘பையை அந்த மூலையில் வை.’ இங்கேயும் அதைச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து நின்றேன்.

“வா பாப்பா, வூட்டுக்குள்ள வா” என்று காத்தான் என் பையைப் பிடித்து இழுத்தார்.

வெள்ளச்சி அவர் கையில் ஒரு தட்டு தட்டினார். “இழுக்காத. ஓரமா நில்லு.”

வெள்ளச்சி உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் தட்டு, அதில் சிவப்புத் தண்ணீர். அந்தத் தட்டை எனக்குச் சுற்றினார். விரலைத் தோய்த்து என் நெற்றியில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார்.

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. வாசலிலேயே அழுது முடித்து, மூச்சை வெளியே விட்டு, உள்ளே போனேன்.

துணிப்பையைக் கீழே வைத்தேன். அதற்குள் உள்ளே போயிருந்த காத்தான் அடுப்படியிலிருந்து வந்தார். தோளில் இன்னொரு பலாப்பழம்.

“இன்னா, இப்ப கை சும்மாதான கீது?” என்றார்.

சும்மாதான் இருந்தது. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.