காந்தத்தில் ஒட்டாத வளையம்

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். அண்ணனுக்கு இளையவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. யாரோடும் பேசாமல் செய்துவிட்டு வரலாம் என்பதே அந்த வேலையில் அவளுக்குப் பிடித்த அம்சம். வீடு திரும்பினால் அறைக்குள் போய் இரண்டு குறடுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

கம்பியை ஒரு தடியில் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். அந்தச் சுருளை நீளவாக்கில் வெட்டினால் வளையங்கள் உதிரும். வளையத்தின் இரு முனைகளையும் குறடுகளால் பிடித்து, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளித் திறந்து, நான்கு வளையங்களுக்குள் கோத்து மூட வேண்டும். அந்தக் காலத்துப் படைவீரர்கள் கவசமாகப் போட்டுக்கொண்ட அதே பின்னல்தான். அவள் அதில் கழுத்துமாலையும் கைச்சங்கிலியும் செய்தாள். மூடிய இடம் விரல் நுனிக்குத் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

"இந்த வீட்டுக்குத் திருடன் வந்தா பயமே இல்ல. கவசம் பின்னி வச்சுக்கிட்டு ஒருத்தி உள்ள தயாரா இருக்கா" என்பான் அண்ணன்.

"போண்ணா" என்பாள். பல நாள் அவள் பேச்சு அவ்வளவுதான்.

அண்ணிக்கு அழகு நிலையத்தில் வேலை. வாய்க்குப் பூட்டே கிடையாது. ஒருநாள் சாப்பிடும்போது, வாடிக்கையாளர் ஒருத்தியின் தோட்டைப் பற்றிச் சொன்னாள்.

"கேட்டா அலுமினியமாம்! சோத்துப் பானைய உருக்கி அவ காதுல ஊத்திட்டாங்க போல."

சொல்லிவிட்டு, புரையேறும்வரை சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். சின்னவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். அவள் அறையில் அண்ணிக்கென்று ஒரு மாலை முக்கால்வாசி முடிந்திருந்தது. அத்தனையும் அலுமினிய வளையம். எஃகுக் கம்பி அவள் மணிக்கட்டுக்கு மசியாது.

மாலையைக் கொடுத்த அன்று அண்ணி கண்ணாடி முன்னால் நின்று கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "பளபளன்னு இருக்கேடி! என்ன இது?"

"ஸ்டீல், அண்ணி."

"இவ்ளோ லேசா இருக்கு?"

"இது... ஆபரேஷன் கத்தி செய்வாங்கல்ல, அந்த ஸ்டீல். மெல்லிசுக் கம்பி."

ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று தானே வந்து நின்றது. மறுநாளிலிருந்து அண்ணி அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். "என் நாத்தனார் செஞ்சது. ஆபரேஷன் ஸ்டீல், தெரியுமா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

அண்ணன் மகள் பட்டாணி தவழத் தொடங்கியபோது அண்ணி ஒரு காரியம் செய்தாள். நீளக் கைப்பிடி வைத்த காந்தம் ஒன்றை வாங்கிவந்தாள். காலையில் பட்டாணியைத் தரையில் விடுவதற்கு முன், வீடு முழுக்க அதைத் தேய்த்துக்கொண்டே போவாள். ஓர் ஊசி ஒட்டியது, ஒரு கொண்டை ஊசி ஒட்டியது. வளையம் ஒன்றுகூட ஒட்டவில்லை.

"பரவாயில்லையே! ஒண்ணுகூடச் சிந்தாம வேலை பாக்கறியே."

அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. பள்ளிக்கூடத்துப் பாடம்தான். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, அண்ணி எழுந்திருப்பதற்கு முன்பே எழுந்து, தரையில் முகம் வைத்துப் படுத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துத் தேடப் பழகினாள். கிடந்தால் மினுங்கும். அநேகமாக எல்லாம் கிடைத்துவிடும். அந்த 'அநேகமாக' அவள் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது. பட்டாணி நடக்கத் தொடங்கிய பிறகும் இரண்டு தேடலும் தொடர்ந்தன.

விடுமுறை நாள் மதியம் ஒன்றில் பட்டாணி சோற்றைத் துப்பினாள். தண்ணீரையும் துப்பினாள். வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. தொண்டைக்குக் கீழே கையை வைத்து வைத்து அழுதாள்.

"என்னத்தையோ முழுங்கிட்டா" என்றாள் அண்ணி. உடனே சின்னவளின் அறையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இல்லல்ல. காலையிலதான் காந்தம் போட்டேன்."

சின்னவளும் அந்த அறையைத்தான் பார்த்தாள். முந்தின நாள் அவள் கைச்சங்கிலிக்காகப் பெரிய வளையங்கள் வெட்டியிருந்தாள். காலையில் தூங்கிப்போய்விட்டதால் தரையைப் பார்க்கவில்லை.

அண்ணன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். இருவரும்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவமனையில் டாக்டரம்மா நிதானமாகக் கேட்டாள்.

"என்ன முழுங்கியிருக்கும்னு நினைக்கிறீங்க?"

"வீட்டுல சின்னச் சின்ன வளையம் இருக்கு, டாக்டர். இவ நகை செய்வா" என்றாள் அண்ணி.

"என்ன உலோகம்?"

"ஸ்டீல். உங்க கத்தி செய்யற அதே ஸ்டீல்."

டாக்டரம்மா சின்னவளைப் பார்த்தாள். அது தலையா அசைந்தது, கழுத்தா நடுங்கியது என்று சின்னவளுக்கே தெரியவில்லை. டாக்டரம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

எக்ஸ்ரே வந்தது. விளக்குப் பலகையில் பட்டாணியின் விலா எலும்புகள் சீப்புப் பற்களைப் போலத் தெரிந்தன. வேறெதுவும் இல்லை.

"ஸ்டீலா இருந்தா வெள்ளையா, பளிச்சுன்னு தெரியும். அப்படி ஒண்ணும் இல்ல. தொண்டையில கீறல் இருக்கலாம். மருந்து தரேன். ரெண்டு நாள் பாருங்க."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். மருந்து வாங்கும் வரிசையில் நின்று, "போன உயிர் திரும்பி வந்துச்சுடி" என்றாள். பட்டாணி அவள் தோளில் எச்சில் ஒழுகக் கிடந்தாள்.

அலுமினியம் லேசான உலோகம். எக்ஸ்ரே அதை ஊடுருவிப் போய்விடும். சின்ன வளையம் படத்தில் தெரியாமலே போகலாம். அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரிலும், உள்ளே என்ன இருக்கக்கூடும் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அண்ணியின் கழுத்தில் மாலை மினுங்கியது. சின்னவள் வரிசையை விட்டு விலகினாள். நடந்தாளா ஓடினாளா என்று நினைவில்லை. உள்ளே வேறொரு நோயாளி இருக்கும்போதே டாக்டரம்மாவின் கதவைத் தள்ளினாள்.

"அது ஸ்டீல் இல்ல."

"யாரும்மா நீ? வெளிய இரு."

"அலுமினியம், டாக்டர். அலுமினியம். நான் பொய் சொன்னேன். படத்துல தெரியாது." குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. பின்னாலேயே வந்துவிட்ட அண்ணி கதவருகில் நின்றிருந்தாள்.

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. "வாசல்ல செக்யூரிட்டிகிட்ட ஒரு மெட்டல் டிடெக்டர் இருக்கும். கூட்டிட்டு வாங்க" என்று நர்ஸை விரட்டினாள்.

பைகளைத் தடவிப் பார்க்கும் அந்தக் கருவியோடு காவலாளி தயங்கித் தயங்கி வந்தார். பட்டாணியின் மார்பருகே கொண்டுபோனதும் அது கத்தியது. காவலாளி பின்வாங்கினார்.

"அம்மா, அது உங்க செயின். கழட்டிடுங்க" என்றார்.

அண்ணி மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். சின்னவளின் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டாணியின் சட்டையையும் கழற்றிய பிறகு கருவி மறுபடி நகர்ந்தது. வயிற்றில் சத்தமில்லை. மார்பில் இல்லை. கழுத்துக் குழிக்கு வந்ததும் விடாமல் கத்தியது.

"உணவுக் குழாயிலதான் மாட்டியிருக்கு. மயக்கம் குடுத்து எடுத்துடலாம். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா உள்ளே புண்ணாகியிருக்கும்" என்றாள் டாக்டரம்மா.

குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது.

"தெனம் காலையில காந்தத்தப் போட்டுத் தேய்ச்சேனே. நீ பாத்துக்கிட்டுதானே இருந்த?"

"ஆமா, அண்ணி."

"ஒட்டாதுன்னு தெரியும்?"

"தெரியும்."

"ஒண்ணும் ஒட்டலன்னு நான்தான்டி அவளத் தரையில விட்டேன்." அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எதுக்கு இப்படிப் பண்ணின?"

"அலுமினியம்னா... சிரிப்பீங்கன்னு."

அண்ணி இப்போதாவது அடித்துவிட மாட்டாளா என்று சின்னவளுக்கு இருந்தது. அண்ணி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளையம் வெளியே வந்தது. மயக்கம் தெளிந்து பட்டாணி கரகரத்த குரலில் அழுதாள். சாயங்காலம்வரை வைத்திருந்து, இரண்டு வாய் பால் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள். அண்ணி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அத்தையைப் பார்த்ததும் பட்டாணி வழக்கம்போல் கையை நீட்டினாள். சின்னவளின் கைகள் எழுந்து பாதியில் நின்றன. அவள் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

அண்ணி குழந்தையைத் தரவில்லை.

"வீட்டுக்குப் போனதும் உன் சாமான் எல்லாத்தையும் கூடத்துல கொண்டுவந்து வை."

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடறேன், அண்ணி."

"போடச் சொன்னேனா? எது எது என்னன்னு எனக்குச் சொல்லு. ஒவ்வொண்ணாக் கேப்பேன். நான் சிரிச்சாலும் நீ சொல்லணும்."

"சரி."

"சரின்னு மட்டும் சொல்லாத. அதத்தான் இத்தன நாளா சொல்லிக்கிட்டிருந்த."

அண்ணி வாசலை நோக்கி நடந்தாள். அவள் தோளுக்கு மேலே பட்டாணியின் கை இன்னும் நீண்டே இருந்தது. சின்னவள் அதில் ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.