எதிர்காற்று

இலையுதிர் காலத்தில் மலைப்பாதையில் நடக்கும் சைக்கிள் பயணத்துக்கு நானும் என் கணவரும் சேர்ந்தேதான் பெயர் கொடுத்தோம். கோடை முழுக்கப் பயிற்சி. கிடங்குத் தெருவைத் தாண்டி ஆற்றோரச் சாலைக்கு வந்ததும், "நீ முன்னாடி போ, அப்பதான் பழகும்" என்பார். பெண்டாட்டியை முன்னால் விடுகிற மனுஷன் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தையல் கடையில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் யாரோ ஒரு பெரியவர் எங்களை முந்தினார். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் போனேன். காற்றே தெரியவில்லை, கால் சும்மா சுற்றியது. அப்போதுதான் உறைத்தது. எதிர்காற்றையெல்லாம் நான் வாங்கிக்கொள்ள, மகாராஜா என் முதுகுக்குப் பின்னால் பாதி மிதித்து வந்திருக்கிறார். கேட்டதற்குச் சிரித்து மழுப்பினார். நானும் போனால் போகிறதென்று விட்டுவிட்டேன். என் புத்தி அப்படி.

போன ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக மலை ஏறிப் பார்த்தோம். ஏற்றத்தில் ஒளிந்துகொள்ள முதுகு கிடையாது, அவரவர் கால்தான். காற்றோடு மல்லுக்கட்டியதெல்லாம் என் தொடையில் சேர்ந்திருந்தது. மேலே போய்த் தண்ணீர் குடித்து, வியர்வை காய்ந்து, குளிரத் தொடங்கியும் அவரைக் காணோம். கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வீடு வரும்வரை உம்மென்றே இருந்தார்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டின்போது, தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றார். பயணத்துக்கு முந்தின நாள். சொட்டு மருந்து விட வீட்டில் ஆள் வேண்டும், அதனால் நான் வர முடியாதாம், அவர் மட்டும் போவாராம். வேறு தேதியே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அவர் வாய் திறக்குமுன் மாமியார் பதில் சொன்னார். பாவம், வெள்ளந்தி. ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம்தான் கொடுத்திருந்தார்களாம். மகன்தான் அன்று காலை போன் போட்டுக் கெஞ்சி இந்தத் தேதிக்கு மாற்றினானாம். தன்மேல் இத்தனை அக்கறையா என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

அந்தப் பூரிப்பின் முன்னால் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

"சரி, நான் வரல. அத்தையைப் பாத்துக்கிறேன்" என்றேன். "ஆனா இனிமே பயிற்சிக்கும் என்னைக் கூப்பிடாதீங்க."

தட்டில் அவர் கை நின்றது. உண்மையிலேயே திகைத்துப்போய்க் கேட்டார்:

"அப்ப எனக்கு முன்னாடி யாரு போவா?"