அறைக்குள் விட்டுப்போனவை

அந்த ஊர் ஆஸ்பத்திரியின் காது பரிசோதனை அறை ஏழடி நீளம், ஐந்தடி அகலம். அதற்குள் முந்நூற்றுப் பதினேழு பேருடைய கவலைகள் இருந்தன. முதல் கவலை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. காதுக்குள் இரைச்சல் என்று வந்த தபால்காரரை, ஊரார் டெஸ்ட் அக்கா என்று கூப்பிடும் பரிசோதகி உள்ளே உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பஞ்சும் ரப்பரும் வைத்து அடைத்த கனத்த கதவு அது. சத்தம் கொடுப்பதற்கு முன் ஆளைக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவிடுவது அவள் வழக்கம். காது அடங்கட்டும் என்பாள். அன்று கருவியில் ஃபியூஸ் போய், அந்தக் கொஞ்ச நேரம் முக்கால் மணியாக நீண்டுவிட்டது. பதறிப்போய்த் திறந்தால், மனிதர் குளித்துவிட்டு வருகிறவர் போல எழுந்து வந்தார். இருபது வருஷமாக உள்ளே ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஒன்று வாயை மூடிவிட்டது என்றார்.

அதன் பிறகு, பாம்புச் செவி உள்ளவர்கள்கூடக் காது கேட்கவில்லை என்று வரிசையில் நின்றார்கள். டாக்டரே இரண்டு தடவை உட்கார்ந்தார். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை மேல் தூசி படிந்தது. தெருச்சண்டைகள் பாதியில் அலுத்துப்போய் நின்றன. டெஸ்ட் அக்காவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ரொட்டிக்கடைக்காரர் தன் அடுப்பறை பற்றி எரிவதைக் கைகட்டி நின்று பார்த்தபோதும், ரயில் கேட் காவலர் கேட்டை மூடாமல் விட்டு, வந்த ரயில் ஒருவருடைய சைக்கிளை நசுக்கிவிட்டுப் போனபோதும், அவள் அதையும் அறையையும் சேர்த்துப் பார்க்கவில்லை. சைக்கிள்காரரும் அறையில் உட்கார்ந்து வந்தவர்தான். கையில் மிஞ்சிய மணியை அடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

அவளுடைய தங்கைக்கு நான்கு மாதக் குழந்தை. கணவன் கப்பல் வேலையில் இருந்தான். தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதிலேயே அவளுக்குப் பொழுது போனது. இளைத்துத் துரும்பாகிவிட்டாள். "ஒரே ஒரு நாள் நிம்மதியா இருக்கணும்க்கா. ஊருக்கெல்லாம் செய்யற, எனக்குச் செய்யமாட்டியா?" என்று அழுதாள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. உட்காரவைத்தாள்.

தங்கை தேறினாள், நன்றாகத் தூங்கினாள், சிரித்தாள். இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் அக்கா அங்கே போனபோது, தங்கை பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் குழந்தை கவிழ்ந்து, போர்வை முகத்தில் சுற்றிக் கிடந்தது. அக்கா பாய்ந்து எடுத்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. முதுகில் தட்டி, வாயோடு வாய் வைத்து ஊதி, மூச்சைத் திரும்ப வரவழைப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஏண்டி, குழந்தை கத்தினது கேக்கலையா?"

"கேட்டுச்சேக்கா. நல்லாவே கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் நின்னுடுச்சு."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தங்கையைத் தரதரவென்று அறைக்கு இழுத்துப் போனாள். கதவைச் சாத்தி மூச்சை அடக்கினால், பழகிய காதுக்கு எல்லாம் கேட்டது: அடுப்பை அணைச்சியா, கேட்டைப் போட்டியா, கதவைப் பூட்டினியா என்று முந்நூறு குரல்கள். நடுவே தங்கையின் குரல், மூச்சு வருதா, மூச்சு வருதா பாரு என்று கெஞ்சியது. தங்கைக்கும் கேட்டது. தலையை ஆட்டிவிட்டாள். "அது இங்கேயே இருக்கட்டும்க்கா. நான் நல்லாத்தானே இருக்கேன்." அவளைக் குறை சொல்ல முடியாது. நிம்மதியை ருசி பார்த்த பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தவர் அந்த ஊரில் ஒருவரும் இல்லை.

தங்கையையும் குழந்தையையும் வெளியே அனுப்பிவிட்டு அக்கா உள்ளே தனியாக உட்கார்ந்தாள். தங்கையின் கவலையை மட்டும்தான் வாவென்று கூப்பிட்டாள். ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் தெருவே எட்டிப் பார்க்குமே, அப்படி முந்நூற்றுப் பதினேழும் எழுந்து அவளுக்குள் வந்தன.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. அறையில் இப்போது பழைய நாற்காலிகள் கிடக்கின்றன. டெஸ்ட் அக்கா வேலைக்குப் போவதில்லை, ஓடுகிறாள். ரொட்டிக்கடை அடுப்பை அணைத்துவிட்டு ரயில் கேட்டுக்கு, அங்கிருந்து யாரோ பூட்ட மறந்த கதவுக்கு. தனக்கென்று ஒரு கவலை இருந்ததா என்பது அவளுக்கே மறந்துவிட்டது. இவ்வளவு அமைதியான ஊரைக் கண்டதில்லை என்று வெளியூர்க்காரர்கள் வியக்கிறார்கள். அவள் ஓடி வந்தால் எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிறார்கள், எங்கே என்று கேட்பதில்லை. தங்கையின் குழந்தை இப்போது ஓடி விளையாடுகிறது. விழுந்து அடிபட்டால், பக்கத்தில் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் அம்மாவை அது பார்ப்பதில்லை, தெருமுனையைப் பார்க்கிறது. பெரியம்மா வர இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனதில்லை. போன வாரம்தான் நான்கு நிமிஷம் ஆயிற்று. குழந்தை காத்திருந்தது.